செம்பில் விழுந்த மழை

கீழ்க்கட்டளை
12.6.1989

அப்பா,

இந்த இன்லாண்டை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்தே பல நாளாகிறது. உங்களுக்கு எழுத எனக்கு எப்போதும் ஒரு காரணம் வேண்டியிருக்கிறது. சும்மா எழுதினால் வீட்டில் ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துவிடுவீர்கள். நேற்று ஒரு காரணம் கிடைத்தது.

தாம்பரம் கோயிலில் பூசை முடிந்ததும் சவுரிமுத்து ஃபாதர் என்னைக் கூப்பிட்டார். இவர் புதிதாக வந்தவர். நீங்கள் சண்டை போட்டது பழைய சாமியாரிடமும் கமிட்டியிடமும். இவருக்கு அதெல்லாம் காதில் விழுந்த கதைதான். நான் வழக்கம் போல அத்தையின் முதுகுக்குப் பின்னால் நின்றேன். "நீதானே கூரை யேசுதாசன் பொண்ணு? முன்னாடி வாம்மா" என்றார்.

மணிக்கூண்டுக் கூம்பின் மேல் இருக்கும் பழைய ஈயத் தகடு கிழிந்துவிட்டது. போன மழையில் தண்ணீர் மணியின் தலையிலேயே ஒழுகியது. இந்த மழைக்கு முன்னால் புதிதாக வேய வேண்டுமாம். கமிட்டியில் ஒருவர் தகரம் என்கிறார், ஒருவர் அலுமினியம் என்கிறார், இன்னொருவர் கூம்பையே இடித்துவிட்டு சிமெண்டில் கட்டலாம் என்கிறார். அதைக் கேட்டாலே ஃபாதருக்குக் கோபம் வருகிறது. "வெள்ளைக்கார ரயில்வேக்காரங்க கட்டின கோயில். நூறு வருஷம் நின்னதை நான் வந்து இடிக்கிறதா?" என்றார்.

பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "தகரம்னா இங்க சிட்டிபாபு இருக்கார், போதும். செம்புன்னா, அதை மடிச்சு வேய இந்தப் பக்கம் உங்கப்பாவைத் தவிர ஆள் இல்லைன்னு எல்லாரும் சொல்றாங்க. எதைப் போடணும்னு அவரையே கேட்டு எழுது. செம்புன்னு முடிவானா நானே அவரைக் கூப்பிடுறேன்."

அப்பா, கோயில் வாசலில் எல்லோர் முன்னாலும் தகடு தட்டும் கொட்டாப்புளியைத் தரையில் வீசிவிட்டு நீங்கள் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. "நீங்களா கூப்புடுற வரைக்கும் இந்த ஊர் மண்ணை மிதிக்க மாட்டேன்." இரண்டு கிறிஸ்துமஸ் போய்விட்டது. இப்போதுதான் கூப்பிடப் போகிறார்கள்.

எதைப் போடலாம்? சீக்கிரம் எழுதுங்கள்.

மேரி


குன்னூர்
20.6.1989

மேரிக்கண்ணு,

உன் கடிதம் வந்த அன்று இங்கே விடாத மழை. கூரை மேல் ஏற முடியவில்லை. பங்களாவின் அடுப்படியில் உட்கார்ந்து திரும்பத் திரும்பப் படித்தேன். கூட வேலை செய்கிற பூவராகன், "இன்னா நைனா, லாட்டரி உழுந்துச்சா?" என்று கேட்டான். பல்லாவரத்து ஆள். இந்த மலையில் நம்ம பேச்சு பேச அவன் ஒருவன்தான் இருக்கிறான்.

எதைப் போடலாம் என்று ஜவுளிக் கடையில் கேட்பது போலக் கேட்டிருக்கிறாய். கட்டடத்தைப் பார்க்காமல் உலோகம் சொல்ல முடியாது. எனக்குப் பதில் நீ பார். மணிக்கூண்டின் உள்ளே ஏணி இருக்கிறது, அதில் ஏறு. கூம்பின் பலகையை நகத்தால் அழுத்து. நகம் உள்ளே போனால் பலகை மக்கிவிட்டது. ஈயம் எந்த இடத்தில் கிழிந்திருக்கிறது? ஆணி அடித்த இடத்திலா, வேறு இடத்திலா? கூம்பு உட்கார்ந்திருக்கும் சுவர் சுண்ணாம்பா, யாராவது சிமெண்ட் பூசிவிட்டார்களா? இதையெல்லாம் எழுது.

ஒன்றை மட்டும் எழுதாதே. கூம்புக்குக் கீழே, பெரிய கூரையில் சிட்டிபாபு என்ன போட்டான், எப்படிப் போட்டான் என்று ஒரு வார்த்தை வரக்கூடாது. பழைய தேக்கு உத்தரத்தின் மேல் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைப் போடாதீங்கடா என்று தொண்டை கிழியக் கத்தினேன். யாராவது கேட்டார்களா? போட்டிருப்பான். அந்தச் சாம்பல் நிறம் கண்ணை மூடினால் வருகிறது. அதைப் பற்றி நீ எழுதினால் கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டுவிடுவேன்.

ஃபாதர் கூப்பிடுவதாகச் சொன்னார் என்று எழுதியிருந்தாயே, அவர் எந்தக் குரலில் சொன்னார்? சும்மா ஒரு பேச்சுக்கா, நிஜமாகவா?

அப்பா


கீழ்க்கட்டளை
3.7.1989

அப்பா,

நிஜமாகத்தான் சொன்னார். என் தலையில் கை வைத்துச் சொன்னார்.

சனிக்கிழமை அத்தையிடம் சொல்லிவிட்டுத் தனியாகத் தாம்பரம் போனேன். கோயிலில் யாரும் இருக்கமாட்டார்கள் என்றுதான் மத்தியான நேரம் பார்த்துப் போனேன். ஆனால் சிட்டிபாபு அண்ணன் நின்றிருந்தார். மணிக்கூண்டின் உள் ஏணியில் பாதிப் படிகள் இல்லை. வெளியிலிருந்துதான் ஏற வேண்டும் என்று அவரே மூங்கில் ஏணி கொண்டுவந்தார்.

"இன்னாம்மா, உங்கப்பன் அங்க மலை மேல குளிர் காஞ்சிகினு கீறாரு, உன்னை இங்க ஏணி மேல ஏத்திவுட்டாரா?" என்று சிரித்தார். நான் ஏறினேன். "பாத்து, பாத்து. நீ உழுந்தா உங்கப்பன் என்னைத்தான் வெட்டுவாரு" என்று கீழேயிருந்து கத்திக்கொண்டே இருந்தார். ஏணியை எதன் மேல் சாய்த்தோம், நான் எதன் மேல் நடந்தேன் என்பதை எழுதவில்லை. நீங்கள் வேண்டாம் என்றீர்கள்.

கிழிசல் வழியே தெரிந்த பலகையில் என் நகம் போகவில்லை. வடகிழக்கு மூலையில் மட்டும் ஒரு சாண் மெத்தென்று இருக்கிறது. ஈயம் கீழ்ப் பக்கம் வயிறு தள்ளியது போலத் தொங்குகிறது. ஆணிக்கு மேலேதான் எல்லாக் கிழிசலும். சுவர் சுண்ணாம்பு. என் பாவாடையெல்லாம் வெள்ளை.

மேலேயிருந்து ரயில் தெரிந்தது. நம் வீட்டு ஓடும் தெரிந்தது. இறங்கிப் போய் வீட்டைத் திறந்து பெருக்கினேன். அம்மா போன பிறகு நான் பள்ளிக்கூடத்தை விட்டு வீட்டோடு இருந்தேனே, அந்த நாளில் இந்த வீடு எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. இப்போது சின்னதாக இருக்கிறது. அத்தை வீட்டில் பிள்ளைகள் சத்தம். நான் ஒரு மூலையில் உட்கார்ந்து டெய்லர் கடை ஜாக்கெட்டுகளுக்குக் கொக்கி தைக்கிறேன். அந்தச் சத்தத்துக்கு நடுவில் யாரும் என்னோடு பேசவில்லை என்பது சாயங்காலம்தான் எனக்கே தெரிகிறது. அவர்கள் மேல் தப்பில்லை. நான் பேசினால்தானே.

மேரி


குன்னூர்
14.7.1989

மேரிக்கண்ணு,

நீ எழுதியதைப் படித்தபோது நானே ஏறிப் பார்த்தது போல இருந்தது.

ஈயம் கிழிந்ததற்குக் காரணம் சொல்கிறேன். வெள்ளைக்காரன் அவன் ஊர்க் குளிரை நினைத்து ஈயம் போட்டுவிட்டான். நம்ம வெயிலில் அது உட்கார்ந்தபடியே தூங்குகிற ஆள் மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே சரியும். ஆணி பிடித்திருக்கிற இடம் மட்டும் விடாது. அங்கே கிழியும். மறுபடி ஈயம் வேண்டாம்.

அலுமினியம் சுண்ணாம்பில் பட்டால் அரித்துவிடும். உன் பாவாடையில் ஒட்டிய வெள்ளை அதற்கு விஷம். அதுவும் வேண்டாம்.

தகரம் கெட்டது என்று நான் சொல்லமாட்டேன். அது இரும்புத் தகடு, மேலே துத்தநாகம் ஒரு சட்டை மாதிரி. சட்டை கிழியாத வரை உள்ளே இருக்கும் இரும்புக்கு ஒன்றும் ஆகாது. நம்ம ஊர்க் காற்றில் பதினைந்து இருபது வருடம் தாங்கும். பிறகு மறுபடி யாராவது மேலே ஏற வேண்டும்.

செம்பு அப்படி இல்லை. முதலில் பளபளக்கும், அப்புறம் கறுக்கும், வருடங்கள் போய்ப் பச்சை பூக்கும். அந்தப் பச்சைதான் அதற்குக் காவல். செம்பு ஆணியால் பிடித்து, ஓரத்தை மடித்து மடித்துக் கொண்டுபோனால் உன் பேரப்பிள்ளைகள் காலத்திலும் ஒரு சொட்டு இறங்காது. அந்தக் கூம்பு அவ்வளவு நாள் நிற்க வேண்டிய கூம்பு. ஃபாதரிடம் செம்பு என்று சொல்.

அவர் கூப்பிட்டால் அக்டோபர் முதல் வாரம் வந்துவிடுவேன். மழைக்கு முன்னால் முடித்துவிடலாம். முடிந்ததும் நம் வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று நினைக்கிறேன். ஒரு செம்புக் கூம்பைப் பார்த்தால் நாலு பேர் வேலைக்குக் கூப்பிடுவார்கள். நீயும் அத்தை வீட்டு மூலையிலிருந்து எழுந்து வரலாம்.

பெரிய கூரை மேல்தானே நடந்து போனாய்? உடையாமல் இருந்ததே, ஆச்சரியம்தான். இதோடு அந்தப் பேச்சு போதும்.

அப்பா


கீழ்க்கட்டளை
21.8.1989

அப்பா,

ஃபாதரின் கடிதமும் உங்களுக்கு வந்திருக்கும். எழுதிவிட்டு என்னிடம் காட்டினார். "நீங்கள் வந்து செய்து தர வேண்டும்" என்று எழுதியிருந்தது. நான் அதைப் படித்துவிட்டு, சிரிக்கத் தெரியாமல் தரையைப் பார்த்தேன்.

செம்புத் தகடு எப்படி வாங்குவது என்று கமிட்டி யோசித்தது. ஃபாதர் பிரசங்கத்தில் சொன்னார்: "மணி வார்க்கிறதுக்கு வீட்டுக்கு ஒரு பாத்திரம் குடுப்பீங்க இல்ல? மணிக்கு மேல கூரை போடவும் குடுங்க." மறு ஞாயிறே செம்புப் பாத்திரங்கள் வரத் தொடங்கின. அண்டா, குடம், கொப்பரை, அடி நசுங்கிய சொம்பு. எல்லாவற்றையும் தங்கசாலைத் தெருப் பாத்திரக் கடையில் எடைக்குக் கொடுத்து, எடைக்குத் தகடு வாங்கி வருவார்களாம். சில பேர் தங்கள் குடத்தையே தட்டிக் கூம்பில் ஒட்டுவார்கள் என்று நினைத்துக்கொண்டு, "என் பேரு வெளியில தெரியுற மாதிரி வெக்கச் சொல்லுங்க ஃபாதர்" என்றார்கள். அத்தைக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது.

நம் வீட்டுத் தவலையையும் கொடுத்தேன். வயிற்றில் அம்மா பெயர் வெட்டிய தவலை. கொடுக்கலாமா என்று உங்களைக் கேட்டிருக்க வேண்டும். ஆனால் உங்கள் கை வேய்கிற கூரை, அதில் அம்மாவும் இருக்கட்டும் என்று தோன்றியது. ஃபாதர் அறையில் அத்தனை பாத்திரங்களுக்கு நடுவில் 'ஞானம்மாள்' என்ற எழுத்து என்னையே பார்த்தது. திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

ஞாயிறுதோறும் வீட்டைத் திறந்து சுத்தம் செய்கிறேன். உங்கள் கட்டிலுக்குக் கயிறு மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

மேரி


குன்னூர்
5.9.1989

மேரிக்கண்ணு,

தவலையைக் கொடுத்தது நல்லது. உன் அம்மாவுக்கு உயரமான இடம் என்றால் பயம். கூம்பின் மேல் ஏற்றிவிட்டோம் என்று தெரிந்தால் நம் இரண்டு பேரையும் திட்டுவாள்.

நீலகிரி எக்ஸ்பிரஸுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். முதலாளியிடமும் சொல்லிவிட்டேன். பூவராகனுக்குத்தான் முகம் வாடிவிட்டது. "நீ போயிட்டா நான் யார்கிட்ட நைனா சண்டை போடுவேன்?" என்கிறான்.

இங்கே ஒரு வேடிக்கை நடந்தது, கேள். ஒரு பழைய பங்களா, தகரக் கூரை. நல்ல தகரம். ஆனால் ஒரே ஒரு பட்டை மட்டும், மேலிருந்து கீழ் வரை கோடு போட்டது போலத் துருப்பிடித்துச் சல்லடையாகிவிட்டது. பங்களா சொந்தக்காரர் என்ன சொன்னார் தெரியுமா? குரங்கு மூத்திரமாம்! குரங்குகள் அதே இடத்தில் வரிசையில் வந்து உட்கார்ந்து போகின்றனவாம். அவற்றை விரட்ட ஒரு ஆளையே சம்பளத்துக்கு வைத்திருந்தார். அந்த ஆள் கவண் வைத்துக்கொண்டு நாள் முழுக்க வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

நான் ஏறிப் பார்த்தேன். அந்தப் பட்டைக்கு நேர் மேலே புகைபோக்கி. அதற்கு யாரோ அழகுக்குச் செம்புத் தொப்பி போட்டிருக்கிறார்கள். செம்பின் மேல் விழுந்த மழை, கீழே தகரத்தின் மேல் ஓடியிருக்கிறது. செம்பைத் தொட்டு வந்த தண்ணீர் துத்தநாகச் சட்டையைத் தின்றுவிடும். சட்டை போனால் இரும்பு எத்தனை நாளைக்கு? ரெண்டு மூணு மழைக்காலம்தான். தகரத்துக்கு மேலே செம்பு வைப்பது, தெரிந்தே வீட்டில் திருடனைக் குடிவைப்பது மாதிரி. தொப்பியைக் கழற்றினேன். கவண்காரனுக்கு வேலை போயிற்று. அவன் என்னை முறைத்துக்கொண்டே போனான்.

வந்து நேரில் நடித்துக் காட்டுகிறேன்.

அப்பா


கீழ்க்கட்டளை
14.9.1989

அப்பா,

உங்கள் கடிதம் கிடைத்தது. எனக்குக் கொஞ்சம் தலைவலி. பிறகு எழுதுகிறேன்.

மேரி


குன்னூர்
20.9.1989

மேரிக்கண்ணு,

தலைவலி என்று கார்டு எழுதுகிற ஆள் நீ இல்லை. காய்ச்சலா? அத்தை ஏதாவது சொன்னாளா? டிக்கெட் பையில் இருக்கிறது, இன்னும் கொஞ்ச நாள்தான். பதில் போடு.

அப்பா


கீழ்க்கட்டளை
27.9.1989

அப்பா,

இந்தக் கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போடுவதென்றால், படித்துவிட்டுப் போடுங்கள்.

பெரிய கூரையில் இருப்பது ஆஸ்பெஸ்டாஸ் இல்லை. தகரம்.

நீங்கள் போன பிறகு கமிட்டி மறுபடி கூடியது. யேசுதாசன் அவ்வளவு கத்தினாரே, அதில் ஏதோ இருக்கும் என்று ஒருவர் சொல்ல, ஆஸ்பெஸ்டாஸை விட்டுவிட்டார்கள். சிட்டிபாபு அண்ணனும் தகரம்தான் நல்லது என்றாராம். உங்கள் பேச்சைக் கேட்டார்கள் அப்பா. அதை உங்களிடம் சொல்லத்தான் யாரும் இல்லை. நான் சொல்ல வந்தபோது எழுதாதே என்றீர்கள். நல்ல செய்திதானே, நேரில் வந்து நீங்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். செம்புக்கும் அதற்கும் பகை என்று எனக்கு எப்படித் தெரியும்?

குரங்குக் கதையைப் படித்துச் சிரித்தேன். கடிதத்தை மடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. கூம்பில் விழும் மழை எல்லாம் அந்தத் தகரத்தின் மேல்தான் ஓடும். அதன் மேல்தான் நான் நடந்து போனேன்.

ஒருவேளை நம் ஊர் மழை வேறு மாதிரி இருக்கலாம், ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஞாயிறு வீட்டைக் கழுவக் கிணற்றடிக்குப் போனேன். அம்மாவின் தகர வாளி அங்கேதான் இருக்கிறது. அம்மா செம்புச் சொம்பை எப்போதும் வாளிக்குள்ளேயே போட்டு வைப்பார்கள் இல்லையா? நானும் அப்படியே வைத்து வந்தேன். சொம்பை எடுத்துப் பார்த்தேன். வாளியில் வேறெங்கும் துரு இல்லை. சொம்பு உட்கார்ந்த இடம் மட்டும், அதே வட்டத்தில், சிவப்பாகத் துருவேறியிருந்தது. விரலால் அழுத்தினால் உதிர்ந்தது. நம் வீட்டுத் தண்ணீருக்கே அப்படி என்றால் மழைக்கு எப்படி இருக்கும்?

கிணற்றடியில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். சொல்லாமல் விட்டால் நீங்கள் வந்துவிடுவீர்கள். கூம்பு பளபளவென்று நிற்கும். எல்லோரும் பாராட்டுவார்கள். நாம் வீட்டில் இருப்போம். ரெண்டு மூணு மழைக்குப் பிறகு பெரிய கூரை ஒழுகும், அப்போது யாருக்கும் காரணம் தெரியாது. உங்களுக்கு மட்டும் தெரியும். ஆனால் நீங்கள் வந்த அன்றே மேலே ஏறிப் பார்த்துவிடுவீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். அதற்குள் எல்லோர் பாத்திரமும் தகடாகியிருக்கும். மறுபடி கோயில் வாசலில் நீங்கள் கத்துவதை நான் பார்க்க வேண்டியிருக்கும். அல்லது கத்தாமல் இருப்பீர்கள். அதை நினைத்தால் இன்னும் பயமாக இருந்தது.

மறுநாள் காலை பாத்திரங்களை வண்டியில் ஏற்றுவதாக இருந்தது. உங்களுக்கு எழுதிப் பதில் வர நாள் இல்லை. நானே ஃபாதரிடம் போய்ச் சொன்னேன். அத்தை கூட இல்லை. முதலில் வாளியைத்தான் காட்டினேன். கையில் எடுத்துக்கொண்டு போயிருந்தேன்.

ஃபாதர் கவனமாகக் கேட்டார். "இது உங்கப்பாவுக்குத் தெரியுமா?" என்றார். இனிமேல்தான் எழுத வேண்டும் என்றேன். "கீழ்க் கூரையையும் செம்பாக்க நம்மகிட்ட அவ்வளவு பாத்திரம் இல்லையேம்மா" என்றார். எனக்கும் தெரியும். கடைசியில், அப்போ தகரம்தான், சிட்டிபாபுவைத்தான் கூப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

டிக்கெட் பையில் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள்.

மேரி


குன்னூர்
19.10.1989

மேரி,

அடுப்பில் போடவில்லை.

நீ செய்தது சரி. செம்பு அங்கே ஆகாது. ஃபாதருக்கும் தனியாக எழுதிவிட்டேன். கட்டடத்தைப் பார்க்காமல் உலோகம் சொல்லக்கூடாது என்று உனக்குச் சொல்லிவிட்டு, பாதிக் கட்டடத்தைப் பார்க்காதே என்றும் நானே சொன்னேன்.

டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பூவராகன் கொண்டாடுகிறான்.

சிட்டிபாபுவிடம் இதைச் சொல். நான் சொன்னதாகச் சொல்லாதே. இல்லை, சொல்லிக்கொள். வடகிழக்கு மூலையில் மெத்தென்ற பலகையை மாற்றாமல் தகரம் ஏற்றக்கூடாது. தகடுகளின் இணைப்பு வாடைக்காற்றுக்கு முதுகைக் காட்ட வேண்டும். பழைய ஈயத்தை ஒரு துண்டு விடாமல் எடுத்துவிட வேண்டும். வெட்டின ஓரத்துக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும், அங்கேதான் சட்டை இருக்காது.

நீ வந்து போகச் சொல்லுவாய் என்று தெரியும். வேலை இல்லாமல் அங்கே வந்து என்னவென்று நிற்பது? சிட்டிபாபு வேய்வதை அண்ணாந்து பார்க்கவா? அத்தனை பேர் முன்னால் ஒரு சொல் சொல்லிவிட்டேன். கூப்பிட்டார்கள், பிறகு வேண்டாம் என்று ஆகிவிட்டது. யார் மேலும் தப்பில்லை. உன் மேலும் இல்லை.

இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. கை மரத்துப்போகிறது, எழுத்து கோணலாக வருகிறது.

அப்பா


கீழ்க்கட்டளை
20.11.1989

அப்பா,

கூம்பு முடிந்துவிட்டது. நீங்கள் எழுதிய எல்லாவற்றையும் சிட்டிபாபு அண்ணனிடம் படித்துக் காட்டினேன். காதில் பீடியைச் சொருகிக்கொண்டு கடைசி வரை கேட்டார். "பெயிண்டு எனக்கும் தெரியும், போ" என்றார். ஆனால் மூலைப் பலகையைப் பிடுங்கிப் போட்டுப் புதுசு வைத்தார். இணைப்பை எந்தப் பக்கம் திருப்பினார் என்று நானே ஏறிப் பார்த்தேன். வாடைக்கு முதுகுதான்.

முடித்த அன்று என்னைக் கூப்பிட்டு, சாக்குப் பைக்குள் கைவிட்டு உங்கள் கொட்டாப்புளியை எடுத்தார். "இந்தா, உங்கப்பன் வீசினது. ரெண்டு வருஷமா என் பையில தூங்கிகினு கீது. ஒரு நாளும் இத்தால நான் அடிச்சதில்ல. இன்னா பொண்ணும்மா நீ, அப்பன் வேலையைப் புடுங்கி என் கையில குடுத்துட்ட" என்றார். திட்டுகிறாரா, வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை போலிருக்கிறது. மூக்கைச் சிந்திவிட்டுப் போய்விட்டார்.

பாத்திரங்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். அவரவர் பெயரைப் படித்து எடுத்துக்கொண்டு போனார்கள். நான் கடைசியில்தான் போனேன். அறையில் அம்மாவின் தவலை மட்டும் இருந்தது. இடுப்பில் வைத்து நம் வீட்டுக்குக் கொண்டு போனேன்.

போன வாரம் பெரிய மழை. பஸ் பிடித்துத் தாம்பரம் போய்க் கோயிலுக்குள் நின்றேன். உள்ளே யாரும் இல்லை. கூம்பில் விழுகிற மழைக்கு ஒரு சத்தம், கீழ்க் கூரையில் விழுகிற மழைக்கு ஒரு சத்தம். எங்கேயும் ஒரு சொட்டு இல்லை. மணி உலர்ந்திருந்தது. அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம்தான் வந்திருக்க வேண்டும். வீட்டுக்குப் போய் உங்கள் கட்டிலில் உட்கார்ந்தேன். புதுக் கயிறு. யாரும் படுக்காததால் விறைப்பாக இருக்கிறது.

அப்பா, அன்றைக்குக் கோயில் வாசலில் நீங்கள் அந்தச் சொல்லைச் சொன்னபோது கூட்டத்தில் நானும் நின்றிருந்தேன். அத்தையின் முதுகுக்குப் பின்னால். யாரும் கூப்பிடவில்லை என்று நீங்கள் சொன்னால் அதில் நானும் சேர்த்தி. நான் இதுவரை கூப்பிட்டதே இல்லை. எப்போது வருவீர்கள் என்று கேட்டிருக்கிறேன். கூம்புக்குச் செம்பு வேண்டும் என்று வேண்டியிருக்கிறேன். வேறு யாராவது கூப்பிடுவார்கள் என்று இருந்துவிட்டேன்.

இப்போது வேய ஒன்றும் இல்லை. எந்த வேலையும் இல்லை. நான் கூப்பிடுகிறேன். வாங்கப்பா.

அருள்மேரி


குன்னூர்
4.12.1989

மேரிக்கண்ணு,

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலையில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு வந்து குளிரில் நிற்காதே, வீட்டைத் திறந்து வை. இருக்கப் போவது கொஞ்ச நாள்தான். இங்கே ஒரு கூரையைப் பிரித்துப் போட்டிருக்கிறோம், மலைக்குத் திரும்பித்தான் ஆக வேண்டும். மேற்கொண்டு என்ன என்பதை உன்னோடு உட்கார்ந்து பேச வேண்டும். நீயும் பேச வேண்டும், தலையாட்டினால் போதாது.

பூசைக்குப் போவோம். பெரிய கூரையை நான் பார்க்கிறேன்.

வாளியைத் தூக்கிப் போட்டுவிடாதே. அடியில் ஒரு தகடு வைத்துத் தருகிறேன், இன்னும் பத்து வருடம் உழைக்கும். சொம்பை மட்டும் உள்ளே போடாதே. பக்கத்தில் வை.

அப்பா